பல் நிதியமும் அதன் யாப்பும்

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில், எங்களுடைய ஈழத்து ஆட்களுக்குச் சங்கம் தொடங்குவது தண்ணி பட்ட பாடு. ஊர்ச் சங்கம் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் இருக்கும். அதில் கோவித்துக்கொண்டு வெளியேறியவர்கள் தொடங்கிய இன்னொரு பழைய மாணவர் சங்கமும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு றப்பர் முத்திரை. பதவி கிடைக்காமல் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவரைப் பெயருக்குப் போசகர் ஆக்கிவிடுவார்கள். முத்திரை குத்துகிற சத்தம் கேட்டால் இந்த மனிதர்களுக்குப் பசிகூட அடங்கிவிடும்.

நான் மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, வெளிநாட்டவர் அலுவலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்து கதைப்பது என் பிழைப்பு. அடுத்தவரின் மடத்தனத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மன் மொழியில் சொல்லவேண்டும். சிரிக்கவும் கூடாது, தலையில் அடித்துக்கொள்ளவும் கூடாது. நான் வீட்டுக்கு வந்து வாய் ஓயாமல் கதைப்பதற்கு இதுதான் காரணம் என்று என் கணவர் சொல்வார். பல் நிதியத்தின் கதையை அவர் பல தடவை கேட்டுக் களைத்துவிட்டார்.

இந்த நாட்டில் மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் உண்டு. காய்ச்சல், நெஞ்சுவலி, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அது கொடுக்கும். பல் கட்டவேண்டும் என்று போனால் மட்டும் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை உன் கையிலிருந்து போடு என்று சொல்லிவிடும். அந்த மிச்சத்தைக் கேட்டாலே வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடத் தோன்றும். இந்த இடத்தில்தான் எங்களுடைய ஊர்ச் சங்கத்துச் செயலாளருக்கு ஞானம் பிறந்தது. எல்லோரும் மாதாமாதம் கொஞ்சம் போடுவது, யாருக்குப் பல் போகிறதோ அவருக்கு மிச்சத்தை நிதியம் கட்டுவது. பல்லுக்கு மட்டும். கண்ணுக்கோ காதுக்கோ இல்லை.

திட்டம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. நடத்தினவர்கள்தான் கோதாரி.

செயலாளர் கோயில் மண்டபத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறவர். தொண்டையைச் செருமாமல் ஒரு வசனம் தொடங்கமாட்டார். "நிர்வாகம் எண்டுறது எனக்கு இரத்தத்தில இருக்கு" என்பார். காப்புறுதி நடத்துவதற்குச் சட்டதிட்டம் இருக்குமே என்று ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன்.

"சீட்டு நடத்தத் தெரிஞ்சவனுக்குக் காப்புறுதி என்ன பெரிய வித்தையோ? ரெண்டும் ஒண்டுதான். ஏலக் கழிவு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

மண்டபம் முழுவதும் தலையாட்டியது. ஜெர்மன் மொழியில் ஒரு துண்டுப்பிரசுரமும் அடித்தார்கள். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'பல் காப்புறுதி' என்று ஜெர்மன் சொல்லிலேயே போட்டார்கள். கீழே 'உத்தரவாதம்' என்று வேறு. என்னிடம் காட்டியிருந்தால் அந்தச் சொல்லை வெட்டுங்கோ என்று சொல்லியிருப்பேன். ஆனால் நிர்வாகம் இரத்தத்தில் ஓடுகிற ஆள் எதற்கு என்னிடம் கேட்பார்?

நிதியத்தின் காசில் முதன்முதலில் பளிச்சென்று பல் கட்டிக்கொண்டு வந்தவர் பொருளாளரின் மருமகன். சரி, யாரோ ஒருவர் முதலாவதாக இருக்கத்தானே வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகுதான் அக்காவின் முறை வந்தது.

அக்கா என் சொந்தக்காரி இல்லை, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறவ. கிழமை நாட்களில் விடியக் காலையில் ஒரு வங்கியிலும் பின்னேரம் ஒரு பள்ளிக்கூடத்திலும் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவ வேறு ஆள். மண்டபத்துக்குக் கீழே, நிலவறையில் இருக்கிற எங்களுடைய இணைய வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பா. 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஜெர்மனியை வதிவிடமாகவும் கொண்ட' என்று அவ தொடங்கினால் அடுப்படியில் நிற்கிற சனம் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்கும். செத்தவர் உயிரோடு இருந்தபோது ஒருவரும் அவருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கமாட்டார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் எடுத்து, எங்கடை அப்பாவின்ரை அறிவித்தலை அந்த அக்காவே வாசிக்கவேணும் என்று கேட்பார்கள். சம்பளம் ஒன்றும் கிடையாது. வங்கியில் அவவுடைய பெயரைக்கூட யாருக்கும் தெரியாது. இந்த மைக்குக்கு முன்னால்தான் அவ ஒரு ஆள்.

அவவுக்கு முரசு வருத்தம், பல் ஈறு பழுதாகிவிட்டது. மேல் முன்பற்கள் ஆடத் தொடங்கிவிட்டன. பிடுங்கிவிட்டுப் பாலம் மாதிரி நிலையான பல்வரிசை ஒன்று பொருத்தவேண்டும் என்று பல் டாக்டர் சொன்னார். காப்புறுதி தன் பங்கைக் கொடுக்கச் சம்மதித்தது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள், ஆனால் இரண்டு வேலை செய்கிற அக்கா அந்தச் சலுகைக்கு ஏழை இல்லையாம். இரண்டு இடத்தில் நிலம் துடைத்தால் இந்த நாட்டில் நீ பணக்காரி.

அக்கா பயந்து பயந்து செயலாளரிடம் போய்க் கேட்டா. அவர் தொண்டையைச் செருமினார்.

"யோசியாதேங்கோ. நீங்கள் பல்லைப் பிடுங்குங்கோ. மிச்சத்தை நிதியம் பாக்கும். உங்களுக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது?"

அந்த வாய்ச்சொல்லை நம்பி அக்கா பல்லைப் பிடுங்கினா. புண் ஆறும்வரைக்கும் என்று டாக்டர் ஒரு தற்காலிகத் தட்டைக் கொடுத்தார். அது அவவின் வாயில் நிற்கவே இல்லை. வாயைத் திறந்தால் கீழே விழும். ஒட்டுகிற பசை பூசினாலும் அரை மணித்தியாலத்தில் கழன்றுவிடும். தட்டில்லாமல் கதைத்தால் 'த' வராது. சொல்லிப் பாருங்கள், தெரியும்: 'த' என்பதற்கு நாக்கு மேல்பல்லில் போய் முட்டவேண்டும். முட்டுவதற்குப் பல் இல்லையென்றால் வெறும் காற்றுத்தான் போகும். மரண அறிவித்தலிலோ திரும்பின பக்கமெல்லாம் 'த'. தந்தை, தாய், தம்பதிகள், தகனம். 'தகனக் கிரியை' என்று அவ வாசித்தது 'அகனக் கிரியை' என்று வானொலியில் போனது. அன்றைக்கே செத்தவரின் மகன் போன் எடுத்துச் சத்தம் போட்டான்.

செயலாளருக்கு வானொலியும் கையில்தான். "பல்லுக் கட்டும்வரைக்கும் கொஞ்சம் ஓய்வெடுங்கோ. கட்டினாப் பிறகு மைக் உங்களுக்குத்தான்" என்றார். அக்கா சிரித்தா, கையால் வாயை மூடிக்கொண்டு. அதற்கு முன் அவ அப்படி வாயை மூடிச் சிரித்து நான் கண்டதில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பாலம் பொருத்த டெர்மின், அதுதான் டாக்டரிடம் நாள், எடுக்கிற நேரம் பார்த்து, காப்புறுதி நிறுவனங்களை மேற்பார்வை செய்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. துண்டுப்பிரசுரம் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் காப்புறுதி நடத்துகிறீர்களா, விளக்கம் தாருங்கள், அதுவரை ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கவேண்டாம். செயலாளர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். தொண்டையைச் செருமக்கூட மறந்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள்தான் வந்து கதைக்கவேணும்."

இவருக்காக நான் படியிறங்கியிருக்கமாட்டேன். அக்காவின் பல்லுக்காகப் போனேன்.

அந்த அலுவலகத்தில் செயலாளர், பொருளாளர், நான். எங்களுக்கு முன்னால் ஒரு இளம் அதிகாரி, வயதுக்கு மிஞ்சின பொறுமையோடு. அவள் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. காப்புறுதி நடத்துவதற்கு அனுமதி வேண்டும். பல்லுக்கு மட்டும் என்றாலும் காப்புறுதி காப்புறுதிதான். அனுமதி வேண்டுமென்றால் சொந்த மூலதனம் இருக்கவேண்டும். உறுப்பினர் கட்டுகிற காசு அதற்குள் சேராது. கெட்ட காலத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கிற காசு அது. எத்தனை பேருக்குப் பல் பழுதாகும் என்று கணிக்கத் தெரிந்த நிபுணர் ஒருவர் வேண்டும். நடத்துகிறவர் அந்தத் தொழிலைப் படித்திருக்கவேண்டும். ஏனென்றால், காசு கட்டின மனிதர் ஒருநாள் வந்து கேட்கும்போது கொடுப்பதற்குக் காசு இருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். செயலாளர் கேட்டார்: "தொடாமல் காசை வைச்சிருக்கிறதெண்டால் பிறகு அந்தக் காசு என்னத்துக்கு?"

அதையும் மொழிபெயர்த்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னை ஏன் பார்க்கிறாய் பிள்ளை, நான் கூலிக்கு வந்தவள்.

நிபுணர் யார் என்று கேட்டாள். "நான் உயர்தர வகுப்பில கணிதம் செய்தனான்" என்றார் செயலாளர். சோதனையில் என்ன பெறுபேறு என்றாள். "சோதினைக்கு முதல் வெளிக்கிட்டிட்டன்." படித்த நிர்வாகி யார் என்று கேட்டாள். "நாங்கள் எல்லாரும் நல்ல குடும்பத்து ஆக்கள்" என்றார். நல்ல குடும்பம் என்பதை ஜெர்மன் மொழியில் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். நட்டம் வந்தால் 'ஹாஃப்டுங்' யாருடையது?

ஹாஃப்டுங் என்றால் நட்டத்துக்குத் தான் பொறுப்பு என்று ஏற்பது. ஆனால் சொல்லின் முன்பாதி 'ஹாஃப்ட்'. அதற்கு அர்த்தம் மறியல், சிறை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒழுங்காக வணக்கம் சொல்லத் தெரியமுதலே எங்களுடைய ஆட்கள் கற்றுக்கொண்ட சொல் அது. ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன் கொண்டுபோய் அடைக்கிற இடத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அதுவரை வாயே திறக்காமல் இருந்த பொருளாளர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"ஐயோ தங்கச்சி, நான் காசை எண்ணி வைக்கிறது மட்டும்தான்! மறியலுக்கெண்டால் செயலாளரைப் போடச் சொல்லுங்கோ!"

"என்னையோ? எடேய், கையெழுத்து உன்ரையடா!"

"மறியல் இல்லை அண்ணை. பொறுப்பு. நட்டம் வந்தால் ஆர் பொறுப்பு எண்டு கேக்கிறா" என்று விளக்கினேன். பொறுப்பு என்று கேட்டதும் இருவரும் இன்னும் கூடப் பயந்தார்கள். மறியலுக்கென்றாலும் ஒருவேளை சம்மதித்திருப்பார்கள். எனக்கு வந்த சிரிப்பை விழுங்கிவிட்டு, இதில் ஒருவரும் பொறுப்பேற்க விரும்பவில்லை என்று அதிகாரியிடம் சொன்னேன்.

அவளுக்கும் இவர்களை அனுப்பிவிட்டு அடுத்த கோப்பை எடுக்கவேண்டும் போலிருந்தது. இன்னொரு வழி இருக்கிறது என்றாள். உதவி பெறுவதற்கு உறுப்பினருக்குச் சட்டப்படி உரிமை இருந்தால்தான் அது காப்புறுதி. உரிமை எதுவும் இல்லை, விரும்பினால் கொடுப்போம், விரும்பாவிட்டால் இல்லை என்று சங்கத்தின் யாப்பில், அதுதான் விதிக்கோவையில், எழுதிவிட்டால் அது காப்புறுதி ஆகாது. அனுமதி வேண்டாம், மூலதனம் வேண்டாம், நிபுணர் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம்.

அவள் உரிமைக்குச் சொன்ன ஜெர்மன் சொல் முழநீளம். நான் ஒரே சொல்லில் 'உரிமை' என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உரிமை இல்லையெண்டு ஒரு வரி எழுதினால் காணுமோ?"

"ஓம்."

"அப்ப எழுதுவம். இதைச் சொல்லவோ இவ்வளவு நேரமும்?"

இந்த மனிதரை எனக்கு எங்கே தெரியும் தெரியுமா? ஊரில் சண்டை நடந்த காலத்தில், எலும்பு நடுங்குகிற குளிரில், இங்கே மாநிலப் பாராளுமன்றத்துக்கு முன்னால், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். "எமக்கு வேண்டும்" என்று அவர் கத்துவார், "உரிமை" என்று நாங்கள் கத்துவோம். நானும் தொண்டை கட்டும்வரைக்கும் கத்தினேன், அக்காவும் கத்தினா. அந்தச் சொல்லுக்காகச் சனம் என்னென்ன கொடுத்தது என்று அவருக்குத் தெரியாதா? அதே வாயால் அதே சொல்லை ஒரு வரியில் தூக்கி எறிந்துவிட்டு, கன்டீனில் கேக் இருக்குமோ என்று கேட்கிறார். சீ! மனிதன் என்று சொல்ல வாய் கூசுகிறது.

அந்த அதிகாரியும் லேசுப்பட்டவள் இல்லை. ஏற்கெனவே வாக்குக் கொடுத்துப் பல் பிடுங்கின ஆட்களுக்கு என்ன வழி என்று நான் என் வேலையை மீறிக் கேட்டேன். "அது சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான விஷயம்" என்றாள். உரிமை இருக்கிறவனைப் பாதுகாக்க இவ்வளவு பெரிய கட்டடம். உரிமையைப் பிடுங்கிவிட்டால் பாதுகாக்க ஒரு நாதியும் இல்லை. அந்த வழியையும் அவர்களே சொல்லித் தருகிறார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் செயலாளரை மறித்தேன்.

"அப்ப அக்காவின்ரை பல்லு?"

"அதைப் பாப்பம் தங்கச்சி. முதல்ல யாப்பு. யாப்பில்லாமல் ஒண்டும் செய்ய ஏலாது."

யாப்பு எழுதுகிறதென்றால் அவருக்குக் கொண்டாட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் பொதுக்கூட்டம் வைத்தார்கள். வடையும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு யாப்பை வாசித்தார்கள். 'உறுப்பினருக்கு உதவி பெறும் உரிமை எதுவும் இல்லை. நிர்வாக சபை தன் தயவின்பேரில் உதவலாம்.' வாயில் வடையோடு சனம் கையைத் தூக்கியது. பொருளாளரின் மருமகனும் புதுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினான். எதற்குக் கை தூக்குகிறோம் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. நான் எழுந்து கேட்டேன்: அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது?

"தங்கச்சி, நீங்கள்தானே அங்கை மொழிபெயர்த்தனீங்கள்? உரிமை எண்டு ஒண்டும் இல்லையெண்டு உங்கடை வாயாலதானே சொன்னனீங்கள்?" என்றார் செயலாளர். சபை சிரித்தது. எனக்கு அந்த மேசையைப் புரட்டிவிடலாமா என்று வந்தது.

அவர் கையை உயர்த்தினார். பெருந்தன்மை காட்டுகிற நேரம் வந்துவிட்டதாம்.

"நாங்கள் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அக்கா எங்கடை அக்கா. எழுதிக் கேக்கவும் வேண்டாம். இப்ப, இந்தச் சபைக்கு முன்னால எழும்பி, யாப்பில இருக்கிற மாதிரி, 'தயவு செய்து' எண்டு ஒருக்காக் கேக்கட்டும். இண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்."

இவ்வளவு பேருக்கு முன்னால். தன் காசையும் மாதாமாதம் கட்டின மனுசி. சொல்லிவிட்டால் பாலம் வரும், மைக் வரும். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. மண்டபத்தில் எல்லோரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், உண்மையாகச் சொல்கிறேன்: சொல்லித் தொலையுங்கோ அக்கா, ஒரு சொல்தானே, பிறகு இவன்களை மைக்கில் வைத்துக் கிழிக்கலாம்.

அக்கா எழுந்தா. கையால் வாயை மறைக்கவில்லை. கழன்று கழன்று விழுகிற அந்தத் தட்டை எல்லோரும் பார்க்க வாயிலிருந்து எடுத்து, முகம் துடைக்கிற லேஞ்சிக்குள் வைத்து மடித்தா.

"அண்ணை, நீங்கள் கேக்கிற சொல்லைச் சொல்ல முன்பல்லு வேணும்" என்றா. "என்னட்டைப் பல்லு இல்லை."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவ வானொலியில் வாசிக்கிற அதே குரலில், அவசரப்படாமல் சொன்னா.

"உரிமை எண்டு சொல்லப் பல்லு வேண்டாம். உரிமை. உரிமை. விளங்கிச்சோ?"

ஒரு எழுத்தும் பிசகாமல் விளங்கியது. அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா. பாலம் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தது செயலாளரின் மருமகள். இங்கே பிறந்து வளர்ந்தவள், வாய் நிறையப் பல். "டகனக் கிரியை" என்றாள். ஒருவரும் போன் எடுத்துச் சத்தம் போடவில்லை.